மைக்குக்கு எட்டாத கடைசி வரி

நேற்றுத் திருவல்லிக்கேணி டீக்கடை ரேடியோவில் ஒரு குழுப்பாட்டு. அத்தனை குரலும் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்ற இடத்திலேயே நின்றன. எனக்குத் தங்கச்சிமடத்துக் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது.

அங்கேதான் அந்த யோசனை உதித்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றோடு பின்னால் நடந்தபடியே பிலோமினா ஒரு வரி பாட, அவள் அண்ணன் செலஸ்டினும் கூட்டாளிகளும் அதை வாங்கிப் பாடினார்கள். பக்கத்திலிருந்த என் நண்பன் காசிமைப் பிடித்து உலுக்கினேன்: "இதுக்கு ஆர்மோனியம் போட்டு கிராமபோன் பிளேட்டா விட்டா என்னடா?" அவன் மாமா கொழும்பிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். படிப்பை முடித்துவிட்டு ஊர்சுற்றிக் கொண்டிருந்த எனக்கு வேறென்ன வேண்டும்! ஒரே அவசரம், பிலோமினாவுக்கு மன்னாரில் மாப்பிள்ளை. சனிக்கிழமை கப்பல்.

மண்டபத்தில் காசிம் வீட்டார் கருவாட்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கிதான் எங்கள் ஸ்டூடியோ. எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் சாக்கு. இன்றைக்கும் கருவாட்டு வாசனை வந்தால் எனக்குச் சுதி கேட்கும். மைக் ஒன்றே ஒன்று. குரல் கூட வேண்டுமென்றால் ஆள் முன்னால் வரவேண்டும், குறைய வேண்டுமென்றால் பின்னால் போகவேண்டும். எங்கள் வித்தை அவ்வளவுதான். ஆர்மோனியம் நான். "ஏலே, ஒன் பெட்டிய ரோட்டுல வச்சு வாசி, அப்பத்தான் பாட்டு கேக்கும்" என்று காசிம் என்னை வாசற்படிக்குத் தள்ளினான்.

செலஸ்டின் கூட்டத்துக்குப் பாட்டே வரவில்லை. "கையில கயிறில்லாம எப்பிடிலே பாட்டு வரும்?" என்றான் செலஸ்டின்.

மைக்குக்குப் பக்கத்து ஜன்னலில் கயிற்றைக் கட்டினோம். பாட்டு வந்தது, கூடவே பழக்கமும் வந்தது. கரையில் கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய்ப் பிடிப்பாரே, அதேபோல மாறி மாறி நடந்தார்கள். ஒவ்வொரு குரலும் மைக்கருகே பெருத்து, பின்சுவரை நோக்கித் தேய்ந்தது. எனக்குப் புல்லரித்தது. ஆனால் பிலோமினாவும் அல்லவா நடந்துவிட்டாள்!

"நீ மட்டும் இங்கன நில்லு தாயி!" என்று காசிம் கெஞ்சினான்.

"நிண்டுக்கிட்டுப் பாடுனா மூச்சே வரலண்ணே. எல்லாரும் இழுக்க, நா சும்மா நிக்கிறது வெக்கமா இருக்கு."

காசிம் மைக்கைக் கழற்றிக்கொண்டு அவள்கூடவே நடந்தான். கடைசி வரிக்கு ஒயர் எட்டவில்லை. அவன் நின்றான். அவள் பாடிக்கொண்டே போய்விட்டாள். இன்னொரு தடவை என்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாள் கப்பல்.

சென்னையில் பிளேட் கம்பெனிக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். "பிரமாதம் தம்பி. கடைசி வரிதான் காதுல விழல. அதை மட்டும் அந்தப் பொண்ணைப் பாட வச்சு எடுத்துட்டு வாங்க, போட்டுடலாம்."

கிட்டங்கி இப்போது ஐஸ் பேக்டரி. செலஸ்டின் மோட்டார் போட்டில் போகிறான். அந்த இரைச்சலில் பாட்டாவது ஒன்றாவது! காசிம் கொழும்பில் கடை பார்க்கிறான். டேப் மட்டும் என்னிடம். கேட்கும்போதெல்லாம் அவள் குரல் சுவரோரம் போய் மறைகிறது. மிச்ச வரியை நானே முணுமுணுத்து முடிக்கிறேன், சுதி சேராமல்.

அடுத்த மாதம் மன்னாருக்குப் போகிறேன். காசிம் ரெக்கார்டரோடு வந்துவிடுவான். "பாடட்டுமே, புள்ளைய நான் வச்சிருக்கேன்" என்று அவள் வீட்டுக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். மைக்குக்கு நீளமான ஒயராக வாங்கிவிட்டேன். அவள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கட்டும்.