பிரதம விருந்தினருக்கு ஓர் இரங்கற்பா

பிரதம விருந்தினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளை இரண்டாம் தரமும் வாசித்தார். பின்னால் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். மேலே அவருடைய படம். கீழே எட்டாம் வகுப்பு நிரோசாவின் கையெழுத்து:

விளக்கே,
நீர் நடந்த வழியில்
கடல்.
எங்கள் காதில்
உம் குரல்.
எங்கள் உள்ளங்களில்
வாழ்வீர்.

ஊகம்: இவர் காலமானவர்.

ஐயோ, அந்தோனியாரே! ஆள் என் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார்.

நடந்தது இதுதான். மன்னார்த் தீவில் ஒரு கரையோரப் பாடசாலையில் நான் அப்போது தமிழ் டீச்சர். எட்டாம் வகுப்பின் கூரைத் தகரங்களைச் சோளகக் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் படித்தார்கள். கூரைக்கு ஒரு வழி பண்ணக்கூடிய அரசியல் பிரமுகர் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வர ஒத்துக்கொண்டார். வருகிற பெரிய மனிதருக்குப் பிரேம் போட்ட வாழ்த்துமடல் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுதும் வேலை என் தலையில்.

"கூரையைப் பற்றியும் ஒரு வரி போடட்டோ சேர்?" என்று பாடசாலை அதிபரைக் கேட்டேன்.

"விசரே டீச்சர்? முதல்ல மனுசனைக் குளிர வையுங்கோ. கூரையைப் பிறகு பாப்பம்."

குளிர வைத்தேன். 'ஏழைகளின் விளக்கே! கருணையில் கடல் போன்றவரே! நீர் நடந்த வழியில் நாமும் நடப்போம். எங்கள் காதில் உம் குரல் ஒலிக்கும். எங்கள் உள்ளங்களில் என்றும் வாழ்வீர்!'

அதே மடலைப் பெயரை வெட்டிவிட்டு வகுப்பிலும் கொடுத்தேன். சொற்களை வைத்து ஆள் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்க வேண்டும். பிறகு அந்தச் சொற்களையே பொறுக்கி ஒரு கவிதை கட்ட வேண்டும். நல்ல பாடம் என்று எனக்குப் பெருமை வேறு! விழா நாள் காலையில் பிள்ளைகளே தாள்களை ஒட்டினார்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் ஓடித் திரிந்த நான் ஒன்றையும் வாசிக்கவில்லை. பிள்ளைகள் வரவேற்பு வரிசைக்குப் போன பிறகு அதிபர் வந்து, எடுப்பாக இருக்கட்டும் என்று, கவிதைகளுக்கு மேலே பிரமுகரின் படத்தை மாட்டிவிட்டார்.

"ஆர் எழுதினது?" என்று கேட்டார் பிரமுகர்.

அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் இடமாற்றம் நிச்சயம் என்று நினைத்தேன். நிரோசா முன்னால் வந்தாள்.

"நான் செத்துப் போனனெண்டு எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனீர்?"

"ஐயோ, அது நீங்களெண்டு தெரியாது ஐயா. செத்துப்போன எங்கட அப்பப்பான்ர நினைவு மலரிலயும் இதே சொல்லுகள்தான்."

"அவ்வளவுதானோ?"

"இல்லை ஐயா. உயிரோட இருக்கிறவரெண்டால் ஏதாவது கேட்டிருப்பினம்தானே? இதில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

எத்தனை மடல் எழுதியிருப்பேன்! ஒரு நாளாவது இது என் புத்தியில் பட்டதா?

பிரமுகர் சிரிக்கவில்லை. "உங்கட வகுப்பு எங்க?" என்றார்.

"அந்தா, அந்த வேம்புக்குக் கீழ."

செருப்பு மணலில் புதையப் புதைய அங்கே நடந்தார். அதிபர் பொன்னாடையோடு பின்னால் ஓடினார். மாரி மழைக்கு முன்பே தகரம் வந்து இறங்கியது.

ஓய்வுபெற்ற பிறகும் மடல் எழுதச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். விளக்கு, கடல் எல்லாம் வைப்பேன். ஆனால் கடைசி வரியில் ஏதாவது ஒன்று கேட்டுவிடுவேன். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?