அதிக மாதத்தில் போனவர்கள்

தேகு நகரத்து அஸ்தி மண்டபத்தில் வரவேற்பு மேசை என்னுடையது. பின்னறையில் கணினியோடு மல்லுக்கட்டுபவர் தாக் கி-ஹோ. இறந்தவர்களின் திதியைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே கைபேசியில் சொல்லும் நிரல் அவர் எழுதியது. அது தினமும் காலையில் அடுத்த வாரத்தின் சந்திர மாதத் தேதிகளை எடுத்துக்கொண்டு, வருடம் வருடமாகப் பின்னால் போய், அந்தத் தேதிகளில் இறந்தவர்களைத் தேடும். எல்லாவற்றுக்கும் ஒற்றை ஆள். மனிதர் துவண்டு போயிருந்தார். இன்னொருவரை வேலைக்கு வைக்க நிர்வாகத்துக்கு மனசு வருமா? வராது.

போன வருடம் அவருடைய அம்மா இறந்துபோனார். முதல் திதியை மூத்த மகன்தான் படைக்க வேண்டும். தங்கை நாரே போனில் நச்சரித்தாள்.

"அண்ணே, அம்மா திதி என்னைக்கு? நான் லீவு சொல்லணும்."

"செய்தி வரும்டி. நான் எழுதினதுதானே, வராம எங்க போகும்?"

காலண்டரைப் புரட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் பிறந்ததும், பாங் ஓக்-ரான் என்ற அம்மாள் என்னைத் தாண்டி நேராகப் பின்னறைக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"எங்க வீட்டுக்காரர் போய் வருஷம் திரும்பிடுச்சு. ஏன் செய்தி அனுப்பல? செத்தவரையே தொலைச்சிட்டீங்களா?"

தாக் பதிவைத் திறந்தார். போன வருடம் நாலாம் மாதம் இரண்டு முறை வந்தது. அந்த இரண்டாவதில், அதிக மாதத்தில், அந்த அம்மாளின் கணவர் இறந்திருந்தார். இந்த வருடம் அதிக மாதமே கிடையாது. அப்படிப் போனவர்களுக்குச் சாதாரண நாலாம் மாதத்திலேயே படைத்துவிடுவோம். நிரலுக்கு அதைச் சொல்ல தாக் மறந்துவிட்டார். அது பாட்டுக்கு இல்லாத மாதத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

"தப்பு என்னோடதுதான்மா," என்றவர் அப்படியே நின்றுவிட்டார். "எங்கம்மாவும் அந்த மாசம்தான்."

"அட பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் நாள் சொல்றவன், உன் அம்மாவுக்குப் படைக்கலையா?"

"செய்தி வரும்னு இருந்துட்டேன்மா."

அந்த அம்மாளின் கோபம் எங்கே போனதோ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் வந்து வாசல்ல நின்னிருப்பாங்க தம்பி. சோறு இல்லன்னதும் பசியோடயே திரும்பியிருப்பாங்க."

மேசைமேல் இருந்த தாக்கின் கைபேசி அடித்தது. நாரேதான்.

"என்ன அண்ணே, இன்னும் செய்தி வரலையா?"

"இனிமே வராது நாரே. நாள் போயிடுச்சு," என்றார் தாக்.