சக்கரவர்த்தியின் மகள்மாரும் பாரிஸ் குறிப்பும்

அந்தக் காலத்துப் பிராங்கியச் சக்கரவர்த்தி ஒருவர் ஆஹன் நகரில் அரண்மனை கட்டி, ஐரோப்பாவில் பெரும் பங்கை ஆண்டார். அவருடைய வம்சாவளியை வரைந்து வரும்படி தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆஹன் இருக்கும் அதே நாட்டின் ஹம் நகரத்து எங்கள் குசினி மேசையில் சரித்திரப் புத்தகத்தையும் காகிதத்தையும் விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மகன்மாருக்குப் பக்கத்தில் பெண்சாதிமாரின் பெயர்கள் இருந்தன. மகள்மாருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"மகள்மாரைப் பிரிஞ்சிருக்க ஏலாதெண்டு தேப்பன் ஒருத்தியையும் கட்டிக் குடுக்கேல்லையாம் அக்கா."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பா, "பாசமுள்ள மனிசன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அம்மா இல்லாத வீட்டில் சமையல் நான். அப்பாவின் கடிதங்களை வாசிப்பதும் அன்ட்றாக் என்ற விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதும் அலுவலகங்களில் நேரம் குறித்துத் தரும் ஒவ்வொரு ரெர்மினுக்கும் கூடப் போவதும் நான். எனக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம் "சாதகக் குறிப்புப் பொருந்தேல்லை" என்று அப்பா தட்டிவிட்டார். கடைசியாக வந்தவர் பாரிஸ்காரர். கோயில் தேரன்று கண்டு கதைத்தோம். எனக்குப் பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன வெட்கம்! அவருடைய குறிப்பும் பொருந்தவில்லை, அவர்களுக்குத் தானே அறிவிப்பதாக மூன்று கிழமைக்கு முன் அப்பா சொன்னார். நானும் அழுது முடித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. எடுத்தால் பாரிஸ் மாப்பிள்ளையின் அக்கா.

"குறை நினையாதேங்கோ பிள்ளை. தம்பியின்ர குறிப்பு இண்டைக்குத்தான் ஊரிலையிருந்து வந்தது. சண்டையாலை தபால் கொழும்பிலை கிடந்திட்டுது. நாங்கள் உதெல்லாம் பாக்கிறேல்லை, உங்கட அப்பா கேட்டபடியாத்தான் எடுப்பிச்சனாங்கள். அனுப்பட்டே?"

"என்ர பேருக்கு அனுப்புங்கோ அக்கா" என்று சொல்லி டெலிபோனை வைத்தேன். அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"வராத குறிப்பை எந்தச் சாத்திரியார் பாத்தவர் அப்பா?"

அப்பா கோப்பைக்குள் பார்த்தார். "நீ போனா இந்த வீட்டை ஆர் பாக்கிறது? நீ இல்லாமல் எனக்கு ஏலாது பிள்ளை."

"உது பாசமே? பாசம் பாசமெண்டு சொல்லியே என்ர கழுத்தை நெரிக்கிறீங்கள்!" என்று கத்தினேன். கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

தங்கச்சி பயந்துபோய்ப் புத்தகத்தை மூடப் பார்த்தாள். நான் விடவில்லை. "வாசியடி. அந்தப் பெட்டையளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"தேப்பன் செத்தாப்போலை மகன் ஆட்சிக்கு வந்து, சகோதரியளை அரண்மனையாலை வெளியிலை அனுப்பிப் போட்டானாம்."

"கேட்டீங்களே அப்பா? நீங்கள் கண்ணை மூடினாப் பிறகு நான் ஆரின்ர வாசலிலை போய் நிக்கிறது?"

அப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

அடுத்த கிழமை குறிப்பு வந்தது. இந்தமுறை நானே சாத்திரியாரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு குறிப்பையும் மாறி மாறிப் பார்த்தார், விரல் மடித்து எண்ணினார், பிறகு தலையை ஆட்டினார்.

"பொருந்தேல்லை பிள்ளை. இதைச் செய்யாதேங்கோ."

நேரே வீட்டுக்கு வந்து, அப்பா பார்த்திருக்கப் பாரிசுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"ஓம் அக்கா" என்றேன், "நல்லாப் பொருந்துது."