இயற்கை எய்தினர்

இந்நகரில் ஒருவர் இறந்தால், சுவரொட்டி அச்சேறும் முன் அதன் வாசகம் என் பார்வைக்கு வரும். நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். ஆயினும் மணவிழா அழைப்பிதழ் முதல் நினைவஞ்சலி வரை என் கை பட்டால் பிழை இராது என்பது ஊரார் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் எளிதில் ஈட்டவில்லை. அதைக் கெடுத்தவரை எளிதில் விடவும் இல்லை.

முன்னாள் பிரதமர் கொல்லப்பட்டதற்கு மறு ஆண்டு. இலங்கை என்ற பெயரை உரக்கச் சொல்லவே ஊர் அஞ்சிய காலம். செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் இலங்கை அம்மையார் ஒருவர் குடியிருந்தார். ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெளிநாட்டாருக்கு இடியாப்பம் அவித்து விற்று வாழ்ந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், கொழும்பில், அவருடைய கணவரையும் இரு மகன்களையும் வீட்டுக்குள் அடைத்துக் கொளுத்தியிருந்தார்கள். ஆடி அமாவாசைக்கு நினைவஞ்சலி அச்சிட வாசகம் கேட்டு வந்தார்.

"சேர், எப்பிடிச் செத்தவை எண்டு அதில இருக்கவேணும். எனக்கு அது ஒண்டுதான் வேணும்."

"தமிழர் என்பதற்காகக் கொல்லப்பட்டனர்" என்று எழுதிக் கொடுத்தேன். இனப்படுகொலை என்பதற்கு இதைவிடச் சுருங்கிய விளக்கத்தை நான் வகுப்பிலும் தந்ததில்லை.

அச்சாகி வந்த தாளில் "இயற்கை எய்தினர்" என்றிருந்தது.

அம்மையார் அழவில்லை. தாளை என் மேசைமேல் வைத்து, "நெருப்பு வைச்சவங்களுக்கு நல்ல வசதி, சேர்," என்றார்.

தேரடியில் அந்த அச்சகத்தை நடத்தியவர் ஊர் மனித உரிமை மன்றத்தின் தலைவரும் ஆவார். அன்றே நேரில் சென்று கேட்டேன்.

"கோச்சுக்காதீங்க சார்," என்றார் அவர். "கொல்லப்பட்டாங்கன்னு போட்டா, யாரு கொன்னது, யாரு எழுதினதுன்னு ஒருத்தன் வந்து நிப்பான். என் மெஷினையே தூக்கினு போயிடுவான். செத்தவங்களுக்கு எந்த வார்த்தை போட்டா இன்னா? ஜாஸ்தியா வலிக்கவா போவுது?"

அஞ்சியிருந்தால் அச்சிட மறுத்திருக்கலாம்; நான் குறை கூறியிருக்க மாட்டேன். அவர் என் வாசகத்தை வாங்கிக்கொண்டு, என்னைக் கேளாமல், மூன்று கொலைகளை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டார். வாசகம் என்னுடையது என்று ஊர் அறியும். மறுநாள் தேநீர்க் கடையில் என் பழைய சக ஆசிரியர், "என்ன சார், நெருப்புல போனாலும் இயற்கைதானா? பஞ்சபூதத்துல ஒண்ணாச்சேன்னு எழுதிட்டீங்களா?" என்று எல்லோர் முன்னும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் அச்சகத்தாரின் பெயரில்தான் வரவு வைத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தேன். ருவாண்டாவில் படுகொலை நடந்த ஆண்டின் மனித உரிமை நாள் கூட்டத்துக்கு, மன்றத் தலைவர் எனக்கு நன்றியுரையை ஒதுக்கினார். நன்றியுரை என்பது நாற்காலி மடக்கும் ஓசைக்கிடையே பேசப்படுவது. என்னைச் சிறுமைப்படுத்தவே அவர் அதைத் தந்தார். உடனே ஒப்புக்கொண்டேன். பிறகு அம்மையாரிடம் சென்று, அவர் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லுங்கோ சேர். நானும் வாறன்."

வேங்கிக்கால் போகும் வழியில் ஒரு திருமண மண்டபம். தலைவர் நெடுநேரம் முழங்கினார். ஆர்மேனியர், யூதர், ருவாண்டாவின் துட்சிகள் என்று தொலைவில் இறந்த எல்லோருக்காகவும் அவர் குரல் தழுதழுத்தது. தொலைவில் இறந்தவர்களுக்காக எந்தப் போலீசும் அச்சகத்துக்கு வராது. கூட்டம் எழத் தொடங்கியபோது நான் ஒலிபெருக்கி முன் நின்றேன்.

"தலைவர் அவர்களின் உரையில் ஒரு சிறு திருத்தம். ஆர்மேனியரைப் பாலைவனத்துக்கு விரட்டியவர்கள் அதை 'இடமாற்றம்' என்றார்கள். ருவாண்டாவில் வெட்டியவர்கள் அதை 'வேலை' என்றார்கள். நம் தலைவர் அவர்களின் அச்சகத்தில் இதற்கு இன்னும் இனிய சொல் இருக்கிறது. அவ்வழக்கப்படி, இவர்கள் அனைவரும் இயற்கை எய்தினர் என்றே அவர் கூறியிருக்க வேண்டும்."

முன்வரிசையில் சிலர் சிரித்தனர். "இன்னா சார் சொல்றீங்க? புரியற மாதிரி சொல்லுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மையார் அன்று என் மேசைமேல் வைத்த தாளை உயர்த்திப் பிடித்து, நடந்ததைச் சொன்னேன். பெண்கள் வரிசையில் அம்மையார் எழுந்து நின்றார். அதன்பின் நாற்காலி ஓசை எழவில்லை. தலைவர் தம் கழுத்து மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று அறியாமல் அதைப் பிடித்தபடி இருந்தார். அந்தக் காட்சியை நான் பொறுமையாக, முழுமையாகப் பார்த்தேன். பிறகு நிகழ்ச்சி நிரல் பிசகாமல், மண்டப உரிமையாளருக்கும் மைக் அமைத்தவருக்கும் நன்றி கூறி அமர்ந்தேன்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அதே அச்சகத்தில், என் வாசகம் எழுத்துப் பிசகாமல் அச்சாயிற்று. அம்மையார் முதல் தாளை அச்சகத்தின் கதவிலேயே ஒட்டினார். பசை காயும் வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார். உள்ளிருந்து எவரும் வந்து தடுக்கவில்லை.

அத்துடன் என் பகை தீர்ந்ததா என்று கேட்போர் உண்டு. தீரவில்லை. புத்தாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழித்து அச்சகத்தார் மறைந்தார். அவர் மகன் வாசகம் எழுதிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"சார், அப்பாவுக்கு உங்க கையாலதான் பார்த்துத் தரணும்னு அம்மா சொன்னாங்க."

'மனித உரிமைக் காவலர்', 'அஞ்சா நெஞ்சர்', 'மாமனிதர்' என்றெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாக அடித்தேன். பெயரையும் இரண்டே இரண்டு சொற்களையும் விட்டுவைத்தேன்.

"இவ்ளோதானா சார்? வெறும் 'இயற்கை எய்தினார்'னு..."

"அவர் படுக்கையில், உறவினர் சூழ, மூப்பினால் இறந்தவர். இந்தச் சொல்லுக்கு உரிமை உடையவர். அப்படியே அச்சிடுங்கள், ஓர் எழுத்தும் மாறக் கூடாது."