கோல்கொண்டாவில் நாலு ஹவ்

மாமாவுக்கு ஏற்கெனவே மூன்று இடம் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. பெண் வீட்டில் போய் உட்கார்ந்தால் அவருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். வேர்த்து வழிந்து, மிக்சர் தட்டை மட்டும் காலி செய்துவிட்டு வருவார். அதனால் நாலாவது பெண்ணை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், கோல்கொண்டா கோட்டையில் வைத்துப் பார்க்கலாம் என்று அம்மா முடிவு செய்தாள். இதுவும் போனால் தம்பி கல்யாணமே வேண்டாம் என்பான் என்று அவளுக்குப் பயம். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு ஒரு பயமும் இல்லை. கோட்டை, மலை, பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து குதித்துக்கொண்டிருந்தேன்.

மாமா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதமாகக் கொண்டாப்பூரில் இருந்தார். நாங்கள் குஷாய்குடா, நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். பெண் செகந்திராபாத்துத் தமிழ்க் குடும்பம், நாலு தலைமுறையாக இந்த ஊர், பள்ளிக்கூட டீச்சர். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் பெரியவர்கள் எல்லாரும் கோட்டைக்குள் இருக்கிற தோட்டத்திலேயே பெட்ஷீட்டை விரித்து, புளிசாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். மாமாவுக்கும் அந்த டீச்சர் அக்காவுக்கும் துணைக்கு என்று என்னை மேலே அனுப்பினார்கள்.

பேச விஷயம் வேண்டுமே என்று மாமா கோட்டையின் வரலாற்றையே படித்து, துண்டுச்சீட்டில் குறித்து வந்திருந்தார். முந்நூற்றுச் சொச்சம் படி, படிக்கு ஒரு செய்தி. ஆடு மேய்ப்பவர்களின் குன்று என்பதால் தெலுங்கில் கொல்லகொண்டா. முதலில் மண்கோட்டை, அப்புறம் சுல்தான்கள் கல்லில் கட்டினார்கள். புளிசாதம் இருக்கிற தோட்டத்தில் அன்றைக்கு ராஜகுடும்பம் உலாவியது. மண்குழாய் வழியாகத் தண்ணீர் உச்சிவரை ஏறியது. டில்லிப் படை எட்டு மாதம் வெளியே கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட்டதால்தான் கோட்டை விழுந்தது. எனக்குப் புல்லரித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் கைதட்டல். வாசல் மண்டபத்தில் நின்று தட்டினால் உச்சியில் கேட்கும், எதிரி வந்தால் காவலாள் அப்படித்தான் சொல்லியனுப்புவானாம். நாங்களும் ஆசை தீரத் தட்டிவிட்டுத்தான் ஏறினோம்.

உச்சிக்குப் போனதும் சீட்டு தீர்ந்துவிட்டது. மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கேட்டே விட்டார்.

"என்னைப் புடிச்சிருக்கா உங்களுக்கு?"

"ஹவ்," என்றாள் அக்கா.

எங்கள் ஊரில் ஹவ் என்றால் ஆமாம். உருதுக்காரர்கள் சொல்வது, எங்கள் வாயிலும் தானாக வந்துவிடும். ஆபீசே கதி என்று கிடந்த மாமாவுக்கு இது தெரியாது. அவர் காதில் விழுந்தது இங்கிலீஷ் ஹவ். எப்படிப் பிடிக்கும் என்று கேட்கிறாள் என நினைத்து, மனுஷர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"எப்படின்னா, நீங்க வேலைய விட வேண்டாம். காலையில நானே கொண்டு விடுதேன்."

அக்கா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்தது. "ஹவ்."

"சமையலும் நான் பாத்துக்கிடுதேன். மீன்குழம்பு நல்லா வைப்பேன்."

"ஹவ்."

எனக்குத் தாங்கவில்லை. மாமா, அது ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கையிலிருந்த கொய்யாத்துண்டை, உப்பும் மிளகாய்த்தூளுமாக, அதற்குள் திணித்துவிட்டாள்.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க அம்மாவ நினைச்சுக் கேக்கீங்க போல. அவங்க நம்ம கூடத்தான் இருப்பாங்க. அத நான் முதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார்.

இதற்கு ஹவ் வரவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. கீழே தோட்டத்தில் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்த பெட்ஷீட்டைப் பார்த்தபடி அக்கா அப்படியே நின்றாள். மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, சரிங்க, கட்டாயம் ஒன்றும் இல்லை, இறங்கலாம் என்று படியைப் பார்த்து நடந்தார். நாலாவதும் போச்சே என்று எனக்கு அழுகை முட்டியது. கொய்யாவை அரையும் குறையுமாக விழுங்கிவிட்டு, "மாமா, ஹவ்னா ஆமா" என்று கத்தினேன்.

மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். "ஆமாவா?"

"ஆமா," என்று சுத்தத் தமிழில் சொன்னாள். "முதல்ல கேட்டப்பவே ஆமாதான்."

அந்த நேரம் பார்த்துக் கீழே வாசலில் ஏதோ ஒரு கூட்டம் சேர்ந்து தட்டியது. சத்தம் படபடவென்று மேலே வந்தது. ஊரே எங்களுக்காகத்தான் தட்டுகிறது என்று நினைத்து நானும் குதித்துக் குதித்துத் தட்டினேன். அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

இறங்கும்போது அக்கா துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொண்டே வந்தாள். கண்ணில் தூசியா அக்கா என்று கேட்டேன். "ஹவ்," என்றாள். மேலே காற்றும் பலமாகத்தான் இருந்தது, நம்பிவிட்டேன். அன்றைய நாலு ஹவ்வில் அது ஒன்றுதான் பொய். அது எனக்கு விளங்குவதற்கு, அப்பா போன பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், அம்மா இனி எங்கே இருப்பாள் என்று ஒருவர்கூடக் கேட்காமல் காப்பி குடித்துவிட்டுப் போகவேண்டியிருந்தது.