சொல்லிக்கொள்ளாமல் எழுந்தேன்

நான் எம்.பி.யாக இருந்தபோது வளைகுடாவில் போர் மூண்டது. அதற்கு நம் அரசு துணைபோவதை ஆதரித்து ஓட்டுப் போடும்படி எங்கள் கட்சிக் கொறடா உத்தரவிட்டார். எனக்கு மனசில்லை. ஆனாலும் என்னை ஆளாக்கிய கட்சி. எதிர்த்துக் கத்திப் பழகிய ஆளும் இல்லை நான்.

டெல்லிக்குக் கிளம்புமுன் பாபநாசம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பையனுக்கு வளைகுடாத் துறைமுகத்தில் வேலை. அங்கே குண்டு விழுந்ததிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. அக்கம்பக்கத்தார் பேசாமல் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தொகுதியில் தினமும் துக்கம் கேட்டுப் பழகிய நான், கும்பிட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தேன்.

வாசலில் அவன் அம்மா மறித்தார்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. இது எழவு வீடு இல்ல."

சொன்னேன். காரில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். பதவி பறிபோனது. துரோகி என்றார்கள், சொல்லட்டும். பையன் ஊர் திரும்பி, இப்போது அப்பாவின் வயலைப் பார்க்கிறான். அந்த அம்மா கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

கட்சி அலுவலகத்திலிருந்து மட்டும் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.