விரதகாரியோடு கொரொயிற் போன கதை

மெல்பேர்ணைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கடற்கரைச் சாலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாறைகளைப் படமெடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் மேற்கே ஓடினால் ஐரிஷ்காரர் குடியேறிய ஊர்கள் வரும், உருளைக்கிழங்குத் தோட்டமும் கருங்கல் வேலியுமாக அவ்வளவு பச்சை என்று சொன்னால் ஒருவரும் காது கொடுப்பதில்லை. ஆகவே எழுதியே விடுகிறேன். நாங்கள் போனது 1975 ஒக்டோபரில். விலைகள் அந்தக் காலத்து விலைகள், பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். தூரம் மட்டும் மாறவில்லை.

நாங்கள் என்றால் நானும் என் மனைவி யோகமும். பாலங்களுக்குப் படம் வரைகிற வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் நான் மெல்பேர்ண் வந்திருந்தேன். யோகம் யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சர். வேலையை விட்டுவிட்டு அந்த வருடம் தை மாதம் வந்து சேர்ந்தாள். அது இங்கே கடும் கோடை. விமான நிலையத்திலிருந்து ஸ்பிரிங்வேலில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வைக்கலைத் தரையிலை நட்டு வைச்சிருக்கினம்?" என்று கேட்டாள். நாட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணத்துக்குப் பின்னால் என்னுடைய கள்ளத்தனம் ஒன்று இருந்தது. என் வேலையை நிரந்தரமாக்கித் தருவதாகக் கந்தோரில் கடிதம் தந்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். எனக்கு இங்கேயே இருந்துவிட ஆசை. யோகத்திடம் கேட்டால் "ஊருக்குப் போவம்" என்றுவிடுவாளோ என்று பயம். அதனால் கேட்காமலே சம்மதிக்க வைக்கப் பார்த்தேன். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பெண்ணுக்கு நல்ல சேலை உடுத்திவிடுவார்கள் அல்லவா, அதுபோல நாட்டின் நல்ல பக்கத்தை மூன்று நாள் காட்டினால் அவள் மனம் தானாக மாறும் என்று கணக்குப் போட்டேன். கூட வேலை செய்த ஐரிஷ் வம்சத்து நண்பர் ஒருவர், "ஒக்டோபரில் கொரொயிற் பக்கம் போ, அதைவிடப் பச்சை இந்த நாட்டில் கிடையாது" என்றார். அதையே பிடித்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். அது கேதாரகௌரி விரத காலம். பெண்கள் கணவன்மாருக்காகப் பிடிக்கிற இருபத்தொரு நாள் விரதம். யோகம் பகல் முழுக்க வெறும் தேத்தண்ணியோடு இருந்து, பொழுதுபட விளக்கேற்றிக் கும்பிட்டபின் ஒரு நேரம் மட்டும் மரக்கறிச் சாப்பாடு சாப்பிடுவாள். நான் லீவு போட்டு அறையும் பதிவு செய்தபிறகுதான் கேட்டாள்.

"விரதத்தோடை எப்பிடியப்பா பயணம்?"

"அது ஒண்டும் செய்யாது. நீர் காருக்குள்ளை சும்மா தானே இருக்கப்போறீர்."

அதற்கு அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை காலை 6.30க்கு எங்கள் பழைய ஹோல்டனில் புறப்பட்டோம். 8.15க்கு ஜீலோங், நூறு கிலோமீற்றர். 9.30க்கு கோலாக். அங்கே நான் கோப்பியும் கேக்கும் வாங்கிச் சாப்பிட, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சாப்பிட்டு முடித்தேன். 11.45க்கு வார்ணம்பூல். வீட்டிலிருந்து அதுவரை 285 கிலோமீற்றர். அங்கிருந்து கொரொயிற் இன்னும் 18. நண்பர் சொன்னது பொய்யில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை, நடுவே கன்னங்கரேலென்ற எரிமலை மண்ணில் வரி வரியாகக் கிழங்குப் பாத்திகள்.

"பாரும், என்ன பச்சை!"

"ம்."

"மாடுகளைப் பாரும், என்ன கொழுப்பு!"

"ம்."

தரகர் தோற்றுப்போவார், அப்படிப் பேசினேன். கிடைத்ததெல்லாம் அந்த "ம்" தான்.

நாங்கள் தங்கியது மிஸிஸ் லாலர் என்ற விதவையின் வீட்டில். இரவுக்கு இருவருக்குமாகப் பத்து டொலர், காலைச் சாப்பாடும் அதற்குள். அவருடைய பாட்டன் காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். அவர் அயர்லாந்தைக் கண்ணாலும் கண்டதில்லை, ஆனால் பக்கத்துத் தெருவைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிப் பேசினார். அன்று பொழுதுபட்டபின் யோகம் கும்பிட்டுவிட்டு, அவர் அவித்துத் தந்த கிழங்கை வெண்ணெயும் நாங்கள் கொண்டுபோன மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிட்டாள். கிழங்கு மாவாக உதிர்ந்தது. அதற்கு மட்டும் "நல்ல கிழங்கு" என்று வாய் திறந்து சொன்னாள்.

சிக்கல் சனி காலையில் வந்தது. மிஸிஸ் லாலர் அடுப்பிலிருந்து முட்டை, பன்றி இறைச்சி, சொசேஜ் என்று இரண்டு சாப்பாட்டுக் கோப்பை நிறைய எடுத்துவந்து குசினி மேசையில் வைத்தார். யோகம் தேத்தண்ணியை மட்டும் எடுத்தாள். "என் சமையலில் ஏதும் பிழையா?" என்று கேட்ட அந்த மனுசியின் முகம் வாடிவிட்டது. விரதத்தை ஆங்கிலத்தில் விளக்க எனக்குக் கூச்சம். ஏதோ காட்டுச்சனம் என்று நினைத்துவிடுவாரோ என்று, "அவளுக்கு வயிற்றுவலி" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். சோடாத்தூள் கரைத்த தண்ணீர் வந்தது, வெந்நீர்ப் போத்தல் வந்தது. யோகம் அந்தப் போத்தலை வயிற்றில் கட்டிப்பிடித்தபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பார்த்தவை: கொரொயிற்றிலிருந்து தெற்கே கிலார்னி, அயர்லாந்து ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அமைதியான கடற்கரை. அங்கிருந்து மேற்கே ஒன்பது கிலோமீற்றரில் போர்ட் ஃபெயரி. அதற்கும் முன்பு பெல்ஃபாஸ்ற் என்றுதான் பெயராம். மீன்பிடி வள்ளங்கள் கட்டிய ஆற்றங்கரை, வெள்ளையடித்த பழைய கல் வீடுகள். ஆறு கடலில் சேருமிடத்தில் உள்ள சின்னத் தீவின் வெளிச்சவீட்டைச் சுற்றி நடக்க ஒரு மணித்தியாலம் போதும், தொப்பி கொண்டுபோகாதீர்கள், காற்று கொண்டுபோய்விடும். என்னுடையது போனது. யோகம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். வேலை முடிந்தது, இருக்கச் சம்மதித்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். பாருங்கள் என் புத்தியை.

ஞாயிறு காலையும் யோகம் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடவில்லை. மிஸிஸ் லாலர் தொலைபேசியை எடுத்தார். "இரண்டாவது நாள். நான் டொக்டரைக் கூப்பிடுகிறேன்." வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு யோகத்துக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"இதை முதலே சொல்வதற்கென்ன? எங்கள் அம்மா தவக்காலத்தில் பாலில்லாத தேநீரும் வெறும் பாணுமாக நாட்களைக் கழித்தவள்" என்றார். பிறகு யோகத்தின் கையைத் தொட்டு, "நீ கடவுளிடம் என்ன கேட்கிறாய், பிள்ளை?" என்றார்.

யோகத்துக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும், பேசத்தான் தயக்கம். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள். "திங்கக்கிழமை கந்தோரிலை பதில் சொல்ல முதல், இவர் என்னட்டை ஒருக்காக் கேக்கவேணும் எண்டு கேக்கிறன். கடிதத்தைச் சட்டை தோய்க்கேக்கையே பாத்திட்டன். இவர் சொல்லுவார் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

மிஸிஸ் லாலர் மொழிபெயர்ப்புக்காக என் முகத்தைப் பார்த்தார். "என்னுடைய நீண்ட ஆயுளுக்காக விரதம் இருக்கிறாளாம்" என்றேன்.

யோகம் நிமிர்ந்தாள். இந்த நாட்டில் ஓர் அந்நியரிடம் அவள் சொன்ன முதல் முழு ஆங்கில வசனம் இதுதான்: "இல்லை. அவர் என்னைக் கேட்க வேண்டும் என்று கேட்கிறேன்."

மிச்சத்தையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்த மிஸிஸ் லாலர், "அப்படியென்றால் கேளேன். இதற்குப்போய் கடவுளை ஏன் தொந்தரவு செய்ய வைக்கிறாய்?" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டினார். "தேவாலயத்தில் பூசை முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். குசினியில் நீங்கள் இரண்டு பேரும்தான்."

நான் கேட்டேன். "இருப்பமோ, போவமோ? உம்மடை விருப்பம் என்ன?"

"இப்ப சொல்லேலாது. நீங்கள் மாதக்கணக்கா யோசிச்சனீங்கள். எனக்கும் யோசிக்க நாள் வேணும்."

அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று எனக்கு ஒரு பிடியும் இல்லை. திரும்பும் வழியில் ரவர் ஹில் எரிமலைப் பள்ளத்தில் ஒரு மணித்தியாலம் நின்றோம். புதிதாக நட்ட மரக்கன்றுகள், கீழே ஏரி, நிறைய வாத்துகள். நான் ஒரு வார்த்தைகூட வர்ணிக்கவில்லை. அப்போதுதான் அவளாகவே ஒவ்வொன்றாகக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். மாலை 6.20க்கு வீடு. மொத்தம் 650 கிலோமீற்றர், பெற்றோல் பத்து டொலருக்குள்.

போக நினைப்பவர்களுக்கு: ஒக்டோபர், நவம்பர்தான் நல்ல காலம், தை மாசியில் போனால் பச்சையைக் காணமாட்டீர்கள். ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள், இரண்டு இரவாவது வேண்டும். ரவர் ஹில்லுக்குக் காலையில் போங்கள். கொரொயிற் கிழங்கு மூட்டையாக வாங்கலாம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும் விரதகாரரும் தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

திங்கட்கிழமை, விரதம் முடியட்டும் என்று மனேஜரிடம் இன்னும் ஒன்பது நாள் தவணை கேட்டேன். "எதற்கு?" என்றார். "மனைவி யோசிக்கிறாள்" என்றேன். அந்தக் கந்தோரில் அப்படி ஒரு காரணத்தை அதற்கு முன் யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது, நான்கு மேசை தள்ளி இருந்தவனும் திரும்பிப் பார்த்தான். கிடைக்குமோ கிடைக்காதோ என்று நின்றேன். கொடுத்தார்.

அமாவாசையன்று விரதம் முடிந்தது. இங்கே அப்போது கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை, சாமி படத்துக்கு முன்னால் காப்பு நூலை நானே அவள் கையில் கட்டிவிட்டேன். கட்டி முடிய, "இஞ்சையே இருப்பம்" என்றாள். "ஆனா நான் திரும்பப் படிப்பிக்கப் போகவேணும். அதுக்கு இஞ்சை முதல் படிக்கவேணும். நான் படிக்கிற மட்டும் சமையல் உங்கடை."

மறுநாள், இந்த ஊரில் குதிரைப் பந்தயத்துக்கென்றே விடுகிற விடுமுறை. விரதம் முடித்து அவள் சாப்பிட வேண்டிய முதல் சோற்றை, வாழ்க்கையில் முதல் தரமாக நான் சமைத்தேன். அடி கருகி, மேல் அரிசியாக இருந்தது. பருப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இருபத்தொரு நாள் பகற்பட்டினி கிடந்தவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லை, பழகுவியள்."